கட்டை விரலை வெளியே வை

அந்த ஜீப்பை வெல்டர் காசு கொடுத்து வாங்கவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியே வாங்கினாள்.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். பிரிப்பதற்கு இருந்தது மூன்று: வீடு, மரக்கடை, மரக்கடையின் பின்பக்கம் பலகைத் துண்டுகளுக்கு அடியில் புதைந்து கிடந்த பழைய ஜீப். வீடும் கடையும் அண்ணனுக்கு என்று யாரும் கேட்காமலே முடிவாகியிருந்தது. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது, அது வேறு விஷயம். அவளுக்கு அந்த ஜீப் வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். ஆனால் தன் அண்ணனைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கிழக்கு என்றால் அவன் மேற்கு. சின்ன வயதில் ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் "குளிருது, மூடிரு" என்பாள். அடுத்த நிமிஷம் ஜன்னல் அகலத் திறந்திருக்கும். முப்பது வருஷமாக அவனிடம் அவள் காரியம் சாதித்த ஒரே வழி அதுதான்.

ஆகவே பாகம் பிரித்த அன்று, "அந்த இரும்புக் குப்பையை மட்டும் என் தலையில கட்டிராதண்ணே" என்றாள். முகத்தை வேறு சுளித்துக்கொண்டாள். அண்ணனுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஜீப்பும் அதைச் சேர்ந்த சகலமும் என் தங்கைக்கே என்று தன் கைப்பட எழுதி, கடையில் மரம் ஏற்றும் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டான். மறுநாள் அவள் ஒரு லாரியின் பின்னால் சங்கிலி போட்டு ஜீப்பை இழுத்துப் போனபோது, கடை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் வீட்டுத் தெரு திரும்பியதும் சிரித்தாள்.

இது நடந்து இரண்டரை வருஷம் ஆகிறது. அவள் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறாள். தெருவில் எல்லாருக்கும் அவள் வெல்டர்தான். புருஷன் பஸ் கண்டக்டர். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனுஷன். வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு அதில் ஜீப்பை நிறுத்தினாள். சமையல்கட்டு ஜன்னல் அந்தக் கொட்டகைக்குள்தான் திறக்கும். அன்றிலிருந்து வீடு எது, கொட்டகை எது என்று தெரியாமல் போயிற்று. டியூட்டி முடிந்து வந்து அடுப்பில் என்ன வேகிறது என்று கண்டக்டர் மூடியைத் திறந்தால் உள்ளே கார்புரேட்டர் கிடக்கும். கட்டிலுக்கு அடியில் கியர், அலமாரியில் சேலைக்குப் பக்கத்தில் பிஸ்டன். "இடிச்சுக்காம உள்ளே போ, உள்ளே போ" என்று பஸ்ஸில் சொல்வதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடப்பார்.

பழைய வண்டியைப் பழுது பார்ப்பது என்கிறார்களே, அது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. பாதி வேலை அடிதடி. துருப்பிடித்த போல்ட் நல்ல வார்த்தைக்குக் கழலாது. பழுக்கக் காய்ச்சி, அடித்து, முறுக்கி, அதுவும் நடக்கவில்லையென்றால் தலையை வெட்டிவிட்டு உடம்பைத் துளை போட்டு எடுக்க வேண்டும். நாலு பிஸ்டனும் சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தன. பதினைந்து நாள் டீசலில் ஊற வைத்துவிட்டு, மரக்கட்டையை மேலே வைத்துச் சம்மட்டியால் அடித்தாள். நாள்பூராவும் அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த முகம் வந்தால் கை வலிப்பது தெரியாது.

அந்தக் கை நேரான கை இல்லை. வலது மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கோணியிருக்கும். அண்ணன் அவளைக் கூப்பிடுவதே கோணக்கை என்றுதான். கோண வைத்தவன் அவன் என்பது அவனையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பதினைந்து. இந்த ஜீப்தான். முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும். அன்று காலையில் ஜீப்புக்கு என்னவோ கோளாறு. அப்பா ஹேண்டிலைச் சுற்றும்போதெல்லாம் அது திருப்பி அடித்தது. அப்பாவுக்குக் கைப்பழக்கம் உண்டு. கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்காமல், மற்ற நாலு விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிப்பார். என்ஜின் திருப்பி அடித்தால் ஹேண்டில் விரல்களை விட்டு நழுவிப் போய்விடும். கட்டை விரல் மடங்கியிருந்தால் நழுவாது, கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் ஒடித்துவிடும். பக்கத்தில் நின்ற அண்ணன் இதையெல்லாம் பார்த்திருந்தான். அப்பா மெக்கானிக்கைக் கூப்பிடப் போனதும் அவளைக் கூப்பிட்டு, நீதான் பெரிய ஆம்பளையாச்சே, எங்கே சுத்து பார்ப்போம் என்றான். அவள் கட்டை விரலை நன்றாக மடக்கி, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துச் சுற்றினாள். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எலும்பு ஒடிந்த சத்தம் கேட்ட பிறகும் சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றான்.

சுவரிலிருந்து விழுந்துவிட்டேன் என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். அண்ணனுக்கு அடி விழக்கூடாது என்றுதான். அந்த வயதில் அவ்வளவு பாசம். கட்டுப் போட்டவன் சரியாகப் போடவில்லை. கை கோணலாகவே கூடிவிட்டது.

இப்போது சொல்லுங்கள், அவளுக்கு அந்த ஜீப் ஏன் வேண்டுமென்று. தன் கையை ஒடித்த வண்டியைத் தன் கையாலேயே கிளப்பி, தானே ஓட்டிக்கொண்டு அந்த மரக்கடை வாசல் வழியாக ஒரே ஒரு தடவை போக வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்காகத்தான் இரண்டரை வருஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் முக்கால்வாசி வண்டியாகிவிட்டிருந்தது. பிரேக் பிடித்தது, பெட்ரோல் ஊற்றியாயிற்று, டிரைவர் சீட் ஒன்று மட்டும் போட்டிருந்தாள். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்திருந்ததால் ஹேண்டில் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். ஒரே ஒரு வேலை பாக்கி. காலையில்தான் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டியிருந்தாள், கண்மதிப்பாக. டைமிங், அதாவது பொறி விழுகிற நேரம், இன்னும் வைக்கவில்லை. நெருப்புப் பொறி முந்திக்கொண்டு விழும்படி இருந்தது. அந்த நிலையில் சுற்றினால் கட்டாயம் திருப்பி அடிக்கும். ஸ்பேனரைத் துடைத்துவிட்டு அதைச் சரி பண்ணப் போனாள். வாசலில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஜீப் தயாராகிவிட்டது என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மழை பெய்தால் மரம் வெட்டுகிற மலைக்கு அவன் லாரி ஏறாது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். முதலில் சிரித்த முகமாகத்தான் வந்தான். வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்து, பரவாயில்லையே கோணக்கை என்றான். அப்புறம் இது அப்பா வண்டி என்று ஆரம்பித்தான். குப்பையாகக் கிடந்தவரை அவளுடையது, ஓடுகிற நிலைக்கு வந்ததும் அப்பாவுடையது.

அவள் முடியாது என்றாள். கண்டக்டர் உள்ளே போய், பத்திரமாக வைத்திருந்த அந்த வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து, "மச்சான், நீங்களே எழுதினதுதான்" என்று பணிவாக நீட்டினார். அண்ணன் அதை வாங்கி முழுக்கப் படித்தான். பிறகு நாலாகக் கிழித்து, துண்டுகளைக் கண்டக்டரின் சட்டைப் பைக்குள் திணித்து, பையைத் தட்டியும் கொடுத்தான்.

"டிக்கெட்டு கிழிக்கிறவன்தானே நீ? வச்சுக்க."

அந்த மனுஷனுக்கு எங்கிருந்து வந்ததோ, எட்டி அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். வாழ்நாளில் அவர் பிடித்த முதல் காலர். அண்ணன் பின்வாங்கக்கூட இல்லை. தலையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய் நெற்றியால் அவர் முகத்தில் மோதினான். மூக்கு உடைந்தது. பிரைமர் மட்டும் அடித்திருந்த சாம்பல் நிற பானெட்டில் ரத்தம் தெறித்தது. கண்டக்டர் அப்படியே சரிந்து டயரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வெல்டர் டயர் கழற்றுகிற லிவரை எடுத்தாள். யோசிக்கவெல்லாம் இல்லை. வீசியதில் அவன் தொடையில் விழுந்தது. இரண்டாவது வீச்சு தோளில். அவன் அலறிக்கொண்டே லிவரைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை, லிவரோடு சேர்ந்து போய் அவன் மேல் விழுந்தாள், அவன் காதைக் கடித்தாள். அவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தை மட்கார்டில் மோதினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவள் இரண்டு மாதம் தட்டித் தட்டி நேராக்கிய மட்கார்டு அது. வாயில் உப்புக் கரித்தது. நாக்கால் தடவிப் பார்த்தாள். முன்பல் ஒன்று ஆடியது. அவன் அவளைத் தரையில் தள்ளி, விலாவில் ஓர் உதை விட்டான். மூச்சு நின்று, திரும்பி வர நேரமாயிற்று.

அதோடு விட்டானா? சம்மட்டியை எடுத்து இடது பக்க ஹெட்லைட்டை உடைத்தான். எட்டு மாதம் ஊர் ஊராகத் தேடி வாங்கிய ஹெட்லைட். கண்ணாடி அவள் முகத்துக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. மூக்குடைந்த புருஷனைப் பார்த்தபோது வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. அண்ணனைக் கொன்றுவிட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்பது சரியில்லை; தெளிவாக, நிதானமாக நினைத்தாள்.

அண்ணன் மூச்சு வாங்க சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஸ்விட்சைத் திருப்பினான், சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கினான். சத்தமே இல்லை. இரண்டு தடவை அமுக்கிவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது ஹேண்டில்.

அவன் இறங்கிப் போய் அதை எடுத்து, பம்பரின் ஓட்டை வழியாகச் செருகுவதை வெல்டர் தரையில் கிடந்தபடி பார்த்தாள். டைமிங் அவள் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் என்ன ஆகும்? இவன் இருபது வருஷமாக லாரிக்காரர்களோடு பழகுகிறவன். அப்பா பிடித்ததைப் பார்த்தவன். பழக்கத்தில் கட்டை விரலைச் சரியாக வைத்தாலும் வைத்துவிடுவான். ஹேண்டில் நழுவிப் போகும், நாலு கெட்ட வார்த்தை சொல்வான், அவ்வளவுதான். பிறகு டைமிங்கை வைக்கச் சொல்லி அவளையே அடிப்பான். வண்டி போய்விடும்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஜன்னலைத் திறக்க வைத்தவள் அவள்தானே.

ரத்தத்தைத் துப்பிவிட்டு முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"அண்ணே, சுத்தாத. டைமிங் இன்னும் வைக்கல, திருப்பி அடிக்கும். கட்டை விரலை வெளிய வைண்ணே."

நல்ல தெளிவாகத்தான் சொன்னாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அண்ணன் குனிந்தவாக்கில் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் விரல்கள் ஹேண்டிலில் நாலும் ஒரு பக்கமாகத்தான் இருந்தன. கட்டை விரலும் அவற்றோடு சேர்ந்துதான் இருந்தது. அதை அவள் பார்த்தாள்.

"எனக்கே சொல்லித் தர்றியா? வண்டி போயிருமேன்னு பயம் காட்டுறியா?"

சொல்லிக்கொண்டே கட்டை விரலை மடக்கினான். இறுக்கி மடக்கினான். இன்னொரு கையையும் அதன் மேல் வைத்து, உடம்பின் முழு பலத்தோடு ஹேண்டிலை அழுத்திச் சுற்றினான்.

என்ஜின் ஒரே ஒரு தடவை உறுமித் திருப்பி அடித்தது. ஹேண்டில் அவன் கையை எடுத்துக்கொண்டு தலைகீழாகப் போயிற்று. பச்சைக் கிளையை முழங்காலில் வைத்து முறித்தால் வருகிற சத்தம். மணிக்கட்டுக்கு மேலே முன்கை இன்னொரு முழங்கை முளைத்ததுபோல மடிந்து தொங்கியது. எலும்பின் முனை ஒன்று தோலைக் கிழித்து வெள்ளையாக வெளியே தெரிந்தது. அவன் மண்டியிட்டு, கையைப் பார்த்தான். சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை அவனிடமிருந்து அவள் கேட்டதே இல்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொன்னால், பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அது ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு அந்த வெள்ளை முனையைப் பார்த்தாள். பதினொரு வயதில் தன் கையைத் தானே பார்த்தது நினைவுக்கு வந்தது.

கண்டக்டர்தான் முதலில் எழுந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றார். ஞாயிற்றுக்கிழமையில் தெருமுனையில் ஆட்டோ நிற்காது. அவள் பானெட்டைத் தூக்கினாள். டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அதைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இறுக்கினாள். இரண்டு நிமிஷ வேலை. பிறகு ஹேண்டிலைப் பிடித்தாள். கட்டை விரலை வெளியே வைத்து, கோணல் கையால், கீழிருந்து மேலே இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. சைலன்சர் இல்லாத என்ஜின் தகரக் கொட்டகை அதிரக் கத்தியது. இந்தச் சத்தத்துக்காகத்தான் இரண்டரை வருஷம் என்பது அவளுக்கு நினைவு வந்தது, ஆனால் நின்று கேட்க நேரமில்லை.

அண்ணனைப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியில் உட்கார வைத்தார்கள். கையைப் பலகைத் துண்டோடு சேர்த்து அவள் துப்பட்டாவால் கட்டியிருந்தாள். கண்டக்டர் பின்னால் ஏறிக்கொண்டு, உடைந்த மூக்கோடு, பழக்கதோஷத்தில் "ரைட்" என்றார். ஆஸ்பத்திரிக்கு மரக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆசைப்பட்டபடியே அந்த வாசல் வழியாகப் போனாள். மரம் ஏற்றுகிற ஆட்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவள் ரோட்டைத்தான் பார்த்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் அண்ணன் ஒரு துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு முனகினான். பள்ளத்தைத் தவிர்த்துத் தவிர்த்து ஓட்டினாள்.

அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் அட்டையும் பேனாவுமாக வந்து, எப்படி ஆயிற்று என்று கேட்டாள். அண்ணன் கண்ணை மூடியிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"ஜீப்பு ஹேண்டில் அடிச்சிருச்சு. தங்கச்சி சொல்லுச்சு, அடிக்கும்னு. நான்தான் கேக்கல."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். விலாவில் வாங்கிய உதையைவிட இந்த வார்த்தை கனமாக இருக்கும் என்று வெல்டர் எதிர்பார்க்கவில்லை. அவள் மேல் பழி போடுவான் என்று நினைத்து, பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று.

நர்ஸ் அவளுடைய வீங்கிய வாயையும் கண்டக்டரின் மூக்கையும் பார்த்தாள். உங்களுக்கு என்ன என்றாள். கண்டக்டர், இடித்துக்கொண்டோம் என்று ஆரம்பித்தார். சுவரிலிருந்து விழுந்தேன் என்று அன்று ஒரு குழந்தை அப்பாவிடம் சொன்னது வெல்டரின் காதில் கேட்டது.

"அண்ணன் அடிச்சது. ரெண்டு பேரையும். எழுதிக்குங்க," என்றாள்.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸ் அதையும் எழுதிக்கொண்டு, டாக்டரைக் கூப்பிடப் போனாள். கண்டக்டரைப் பஞ்சு வைக்க அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்கள். கட்டிலில் அவனும் பக்கத்தில் ஸ்டூலில் அவளும் மட்டும் இருந்தார்கள். அவன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். பிறகு அவள் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தான். கோணலான மணிக்கட்டையே வெகுநேரம் பார்த்தான்.

அவளால் தாங்க முடியவில்லை.

"நீ கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதாண்ணே சொன்னேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கியது. அடிப்பானோ என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அடிக்கிற கை பலகையில் கட்டிக் கிடந்தது. 

"அன்னிக்கு நான் அதுகூடச் சொல்லலியே," என்றான்.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அழவில்லை, விலா எலும்பு வலித்ததால் அழ முடியவில்லை. அப்போது காவலாளி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வாசலில் ஒரு ஜீப் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறதாம், ஒரே புகையும் சத்தமுமாம், ஆம்புலன்ஸ் வர வழியில்லையாம். உடைந்த லைட்டோடு நிற்கிற அந்த வண்டி யாருடையது என்று கேட்டார்.

நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்று பயந்து அவள்தான் என்ஜினை அணைக்காமல் வந்திருந்தாள்.

"என்னோடது," என்றாள் வெல்டர்.

சொல்லிவிட்டு, பழக்கத்தில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொன்னதற்கு எதிராக அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வண்டியை நகர்த்தி நிறுத்த வெளியே போனாள்.